சரியான ஆட்டம்

அந்த விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் படித்து முடிக்க எனக்கும் தம்பிக்கும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. அப்பா ஒரே பகலில் முடித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி ஆரம்பித்தவர், அம்மா காப்பி கொண்டுவந்தபோது எழுந்து உட்கார்ந்து என்னிடம் பென்சில் கேட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.

"நீங்க மூணு பேரும் இதைத் தப்பா ஆடிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மோட்டாரில் எந்த ஒயர் மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் தம்பி என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா குவைத்தில் வயர்மேன். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, புது ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் ஓரம் இருக்கிறது. எங்கள் தெருவில் முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். ஐ.டி.ஐ. படித்து, அந்தத் தெருவிலிருந்து முதலில் விமானம் ஏறியவர் அப்பா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அவர் இல்லாத காலத்தில் அம்மா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நெல் போட்டாள், தண்ணீர் முறைக்குச் சண்டை பிடித்தாள், எங்களைப் பள்ளிக்கு அனுப்பினாள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கூட்டிப்போனாள்.

அந்தப் பெட்டி அதற்கு முந்தைய விடுப்பில் வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஊருக்கே திரும்பிப் போகும்போது, தன் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள் என்று கொடுத்தாராம். மூடியில் நெருப்புக் கக்கும் ஒரு மிருகம். உள்ளே தடித்த விதிப்புத்தகமும், நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. பலகை கிடையாது, காய் கிடையாது. லூடோ மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து அப்பா எங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கோடையில் நாங்கள் அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டியதில் விஷயம் புரிந்தது. ஒருவர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். 'முன்னால் ஒரு ஆறு இருக்கிறது, பாலத்தில் இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள், என்ன செய்கிறீர்கள்?' என்று நடத்துபவர் கேட்பார். ஆடுபவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான இடத்தில் பகடை முடிவு செய்யும். பாத்திரத்தை உருவாக்க எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள். அதைப் பலம், வேகம், அறிவு, பேச்சு என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும்.

நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்தேன். ஆங்கிலம் கொஞ்சம் வந்ததால் நடத்துநர் வேலை எனக்கு. "நடத்துநர்னா கண்டக்டர்" என்று சொல்லி தம்பி அன்றிலிருந்து என்னை 'கண்டக்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தான். அவன் எட்டாவதுக்கு. அவன் உருவாக்கிய ஆள் ஒரு பாட்டுக்காரன். பலம் மிகக் குறைவு. கிடைத்த புள்ளிகளை எல்லாம் பேச்சிலும், பறவைகளின் குரலைப் போலச் செய்கிற ஒரு திறமையிலும் கொட்டியிருந்தான்.

ஒரே ஒருவனை வைத்துக் கதை நடத்துவது சப்பென்று இருந்தது. அதனால் அம்மாவைப் பிடித்து இழுத்தோம். அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத நேரம். முதலில் வெற்றிலைபாக்குத் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு வைத்தியம் தெரிந்த ஒரு பெண்ணை உருவாக்கிக்கொண்டாள். பயணத்துக்குச் சாமான் வாங்கும் கட்டம் வந்தபோது வாள் வேண்டாம் என்றாள். கயிறு, சோறு பொங்கச் சட்டி, ஒரு வெள்ளாடு.

"ஆடு எதுக்கும்மா?" என்றான் தம்பி.

"பால் கறக்கும். நடக்கையில ஒரு துணை."

பாலத்துக் காவலர்களிடம் அம்மா சண்டைக்குப் போகவில்லை. பாலத்தடியில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினாள். வாசனைக்குக் காவலர்கள் வருவார்களா என்று என்னைக் கேட்டாள். புத்தகத்தில் அதற்கு விதி இல்லை. பகடையை உருட்டினேன், வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அம்மா கேட்டாள். அதற்கும் நான் ஒரு பதில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்படியே கிட்டத்தட்ட ஒரு வருடமாக, விட்டு விட்டு, ஆமை வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். கதையின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அந்த நிலைமையில்தான் அப்பா வந்தார், புத்தகத்தைப் படித்தார், தப்பாக ஆடுகிறோம் என்றார்.

மறுநாள் மதியம் அவரும் உட்கார்ந்தார். அவர் உருவாக்கிய ஆளின் தாளைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அறிவும் பேச்சும் விதி அனுமதிக்கிற மிகக் குறைந்த அளவில் இருந்தன. மிச்சம் அத்தனையும் பலத்தில். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்த ஒரு விதியைக் கண்டுபிடித்து, ஒரு வகை ஈட்டியைக் குறிப்பிட்ட விதமாகப் பிடித்தால் முதல் அடி எப்போதும் தன்னுடையதுதான் என்று காட்டினார். சரிதான். நான் இரண்டு முறை படித்தும் கவனிக்காத விதி.

"பேச்சுல எதுவுமே போடலியேப்பா" என்றேன்.

"பேசறதுக்குத்தான் அவன் இருக்கான்ல" என்று தம்பியைக் காட்டிச் சிரித்தார்.

முதல் சில நாட்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அதையும் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் நாங்கள் சுற்றிச் சுற்றி வந்த இடங்களை எல்லாம் அப்பாவின் சண்டைக்காரன் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனான். தம்பி கைதட்டினான். பூட்டிக் கிடந்த கோட்டை ஒரே மதியத்தில் விழுந்தது. அடுத்து என்ன வரும் என்று நான் முந்தின நாளே உட்கார்ந்து தயார் செய்ய வேண்டியிருந்தது. விடுப்பில் வந்த அப்பா எங்களோடு இப்படி ஒரே பாயில் உட்கார்ந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

பிறகு அவர் மற்றவர்களின் முறையிலும் பேச ஆரம்பித்தார். "நீ பின்னால நில்லு. நீ இப்ப கட்டுப் போடாதே, அடுத்த சுத்துல போடு, அப்பதான் பிரயோஜனம்." அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. அதுதான் தொல்லை. ஆட்டினால் நடை தாமதமாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அம்மா ஆட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கேடயம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் முறை வரும்போதெல்லாம், "நீங்களே சொல்லுங்க" என்றாள். தம்பி பறவைக் குரல் கொடுக்கிறேன் என்று ஆரம்பிப்பான். "அதனால என்ன ஆகப் போவுது?" என்று அப்பா கேட்பார். "சரி, நான் ஒண்ணும் செய்யல" என்பான்.

வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கணக்கில் ஃபெயில். ஒன்பதாம் வகுப்புக்கு அவனைத் திருச்சியில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பது என்று அப்பா குவைத்திலிருந்தே முடிவு செய்திருந்தார். திருச்சியில் இருந்த சித்தப்பா மூலம் விசாரித்தும் வைத்திருந்தார். போனில் சொன்னபோது அம்மா, "வாங்க, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாள். வந்து இத்தனை நாள் ஆகியும் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் தம்பிக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கியாகிவிட்டது. அது உள் அறை அலமாரிமேல் உட்கார்ந்திருந்தது. அவன் அந்த அறைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்த மதியம் கரண்ட் இல்லை. வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. மேட்டூர் அணை திறக்க இன்னும் நாள் இருந்தது. மின்விசிறி நின்றுபோய், வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா பனியனோடு இருந்தார்.

புத்தகத்தில் இருந்த கதையில் பனிமலை, சுரங்கம் என்றெல்லாம் வரும். எனக்கு அது ஒன்றும் தெரியாது. பள்ளியிலிருந்து கோடியக்கரைக்குச் சுற்றுலா போயிருந்ததால் அந்த இடத்தைக் கதைக்குள் கொண்டுவந்திருந்தேன். உப்பளங்களைத் தாண்டி, சேறும் கருவேலமும் மண்டிய சதுப்பு. அதற்கும் அப்பால் ஒரு பாழடைந்த கலங்கரை விளக்கம். அதில் உப்பு வியாபாரியின் மகளைக் கட்டிவைத்து, இரண்டு காவலாளிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கடல் தண்ணீர் ஏறுவதற்குள் சதுப்பைக் கடந்துவிட வேண்டும். ஏறிவிட்டால் வழி மூடிவிடும்.

சதுப்பின் ஓரத்தில், ஓர் உப்பு மேட்டின் அடியில், பாட்டுக்காரனைப் பாம்பு கடித்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. யாரைக் கடிக்கும் என்பதைப் பகடைதான் சொன்னது. வைத்தியச்சி மருந்து வைத்ததில் உயிர் பிழைத்தான். ஆனால் அவனால் மெதுவாகத்தான் நடக்க முடியும். கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவனின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம் என்பது விதி.

அப்பா புத்தகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் அவர் மனதில் இருந்தது. "இவனைக் கூட்டிக்கிட்டுப் போனா தண்ணி ஏறிடும். அந்த உப்பு மேட்டுல இவன் இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் போயி வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வந்து கூட்டிக்கலாம்" என்றார்.

தம்பி தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனைத் தனியா விட வேண்டாங்க" என்றாள் அம்மா.

"தனியா விடல. மேட்டுல பத்திரமாத்தானே இருப்பான். கொஞ்ச நேரந்தான்."

"கொஞ்ச நேரம்னு நீங்க சொல்றீங்க. இருக்கப் போறது அவன்."

"வேற வழி இருந்தா சொல்லு. கேக்கறேன்."

"வழி எல்லாம் எனக்குத் தெரியாது. நானும் மேட்டுல அவன்கூட இருக்கேன்."

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "நீ வரலைன்னா எனக்கு அடிபட்டா யாரு பார்ப்பா? கலங்கரை விளக்கத்துல ரெண்டு காவலாளி இருக்கான். நீ கூட இருந்தா கண்டிப்பா முடிச்சுடலாம். நீ இல்லாம போனா பாதிக்குப் பாதி. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணும் ஆகாத மேட்டுல உக்காந்திருக்கறதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் அர்த்தமில்லதான்."

"அப்புறம்?"

வாசலில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சட்டென்று ஏதோ பிடிபட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது.

"நாம விளையாட்டைப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கோம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. எதிர்த்துச் சொல்கிற அளவுக்கு அவர்கள் சேர்ந்து இருந்ததுமில்லை.

"அவனை ஹாஸ்டல்ல போட வேண்டாங்க. எனக்கு இஷ்டமில்ல."

"இதை ஏன் போன்லயே சொல்லல?"

"போன்ல நீங்க கேக்கல. சொன்னீங்க."

அப்பா தம்பியைப் பார்த்தார். அவனை எழுந்து வெளியே போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இங்கயே கிடந்தா இவன் என்ன ஆவான்?"

"தெரியாது. என்ன ஆனாலும் என் கண்ணு முன்னால ஆவட்டும்."

"அப்படி எல்லாம் தெரியாதுன்னு நான் ஒரு காரியத்துல இறங்க முடியாது." அவர் குரல் உயரவில்லை. இன்னும் தணிந்தது. "நான் நிக்கற இடத்துல எதையும் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் கையை வைக்கணும். பட்டுக்கோட்டைப் பையன் ஒருத்தன் என்கூட இருந்தான். லைன் ஆஃப்ல இருக்குன்னு ஒருத்தன் சொன்னான்னு பேனலைத் தொட்டான். ஒரே ஒரு தடவை செக் பண்ணாம விட்டான். அவ்வளவுதான். அவன் துணிமணியை மூட்டை கட்டினவன் நான்."

அவர் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்கும் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கை கொஞ்சம் முன்னால் வந்து, பாயிலேயே நின்றுவிட்டது.

"இதை ஏன் நீங்க சொல்லல?" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ நடத்து. என் ஆளு விளக்கத்துக்குப் போறான்."

"தனியாவாப்பா?"

"தனியாத்தான்."

"திரும்பிப் போயி வேற வழியா சுத்தி வரலாம்ப்பா. நாளைக்குக்கூட..."

"போறான்னு சொல்லிட்டேன்ல. உருட்டு."

சதுப்பைக் கடந்ததில் பிரச்சனை இல்லை. விளக்கத்தின் அடியில் காவலாளிகள் இருவரும் நின்றார்கள். இருபது முகப் பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் அவர் அடி படும். காவலாளிகளுக்குப் பதினைந்து வேண்டும். எல்லாப் பகடைகளையும் எல்லோர் கண்ணெதிரிலும்தான் உருட்ட வேண்டும், மறைத்து உருட்டினால் ஆட்டத்துக்கு மரியாதை இல்லை என்று வந்த முதல் நாளே அப்பா சொல்லியிருந்தார். அதனால் அத்தனையும் பாயின் நடுவில் விழுந்தது.

முதல் காவலாளி விழுந்தான். தம்பி மூச்சை இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு அப்பாவின் உருட்டு ஆறு. நான் காவலாளிக்காக உருட்டினேன், பதினேழு. மறுபடி அப்பா, மூன்று. எனக்குப் பதினாறு. பகடை வெற்றிலைத் தட்டுக்கடியில் உருண்டுவிட்டது என்று சொல்லி இன்னொரு தடவை உருட்டலாமா என்றுகூட யோசித்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு சுற்றில் யாருடைய அடியும் படவில்லை. அதற்கு அடுத்தது எனக்குப் பத்தொன்பது.

"இப்ப கட்டுப் போட்டா பொழைச்சுக்குவான்" என்றான் தம்பி, யாரிடம் என்று இல்லாமல். கட்டுப் போடுகிறவள் உப்பு மேட்டில் இருந்தாள்.

"ஓடிடலாம்ப்பா. ஓடறதுக்கு விதி இருக்கு" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பகடையை எடுத்தார். ஐந்து விழுந்தது. நான் உருட்டினேன். பதினைந்து.

"உயிர் பூஜ்யம்ப்பா" என்றேன்.

"தெரியுது."

அவர் தன் தாளைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கூப்பிட வாய் திறந்தேன். "கூப்பிடாதே" என்றாள் அம்மா. தம்பி அழவில்லை. பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்வது கஷ்டம். சண்டை என்று எதுவும் இல்லை. அப்பா வீட்டு ஒயரிங் முழுவதையும் பிரித்து மாற்றினார். ஏணிமேல் நின்று, சுவிட்சுப் பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் டெஸ்டரை வைத்துப் பார்த்துப் பார்த்து மூடினார். அம்மா, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்லுவாள். அப்பா, "உங்கம்மா சாப்பிட்டாளான்னு கேளு" என்பார். ஹாஸ்டல் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. நானும் தம்பியும் காய்ந்த வாய்க்கால் மணலில் போய் உட்கார்ந்துகொண்டோம். "என்னை அனுப்பிடுவாங்க கண்டக்டர்" என்றான்.

விடுப்பு முடிவதற்குள் வேளாங்கண்ணிக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த முறையும் போனோம். மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேரும்வரை அப்பாவும் அம்மாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தும் பேசிக்கொள்ளவில்லை. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். அம்மா கொஞ்ச தூரத்தில் பொரி வாங்கிக்கொண்டிருந்தாள். தம்பி அலையில் கால் நனைத்துவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அந்தப் பக்கம் இருந்தேன்.

"ஏண்டா, அந்தப் பாட்டுக்காரனை ஏன் போட்டே? அடிக்கத் தெரியாது, ஓடத் தெரியாது. எதுக்கு அவன்?" என்றார் அப்பா. இந்த முறை உண்மையாகவே கேட்டார்.

தம்பி மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். "பாட்டுக்காரனை எந்த ஊர்லயும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்கன்னு புக்ல போட்டிருந்துச்சுப்பா. அதான்."

அப்பா அவன் முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். குவைத்தில் அப்பாவின் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், ஒவ்வொரு மாதமும் யாரையாவது கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

"நீங்க ஏம்ப்பா தனியாப் போனீங்க? தோத்துருவோம்னு தெரியலியா?" என்று தம்பி கேட்டான்.

"தெரிஞ்சுதான் போனேன்."

"அப்புறம்?"

"உங்கம்மாமேல கோவம்."

தம்பி சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். பொரியோடு வந்த அம்மா என்ன என்று கேட்டாள். அப்பா அவள் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முதலில் அவளிடமே நீட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நானும் தம்பியும் முன் சீட்டில் இருந்தோம். திருவாரூர் தாண்டி, அப்பா குரல் பின்னாலிருந்து கேட்டது.

"இந்த வருசம் இங்கயே படிக்கட்டும். அடுத்த வருசம் என்னன்னு யோசிப்போம்."

"யோசிப்போங்க" என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பட்டுக்கோட்டைப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்று கேட்டாள். அப்பா சொல்ல ஆரம்பித்தார். பஸ் சத்தத்தில் முழுதாகக் கேட்கவில்லை. மன்னார்குடி வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார்.

அவர் விமானம் ஏறிப் பத்துப் பதினைந்து நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அம்மா நாற்றங்காலில் இறங்கிவிட்டாள். விளையாட்டுப் பெட்டியை யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. பக்கத்துத் தெருவில் இருந்த வாத்தியார் வீட்டுக்கு அன்றுதான் போன் பண்ணுவார். நாங்கள் போய் வரிசையாக நிற்போம். முதல் இரண்டு வாரம் உடம்பு, படிப்பு, மழை என்று வழக்கமான பேச்சு. மூன்றாவது வாரம் என்னிடம் கேட்டார்.

"மேட்டுல இருந்தவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?"

"நாங்க ஆடவே இல்லப்பா. அப்படியே நிக்கறாங்க."

"ஏன்?"

"ஆள் பத்தல."

போனில் வேறு யாரோ பேசுகிற சத்தம், தட்டு உரசுகிற சத்தம் எல்லாம் கேட்டது. "தம்பிகிட்ட குடு" என்றார். கொடுத்தேன். காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஒரு ஆளைப் போடுடா. நீயே போடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

தம்பி அந்த வாரம் முழுக்க அதையே செய்தான். அடுத்த வெள்ளிக்கிழமை தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டினான். ஒரு படகுக்காரன். வயது கொஞ்சம் ஆனவன். பலம் சுமார். பேச்சு நிறைய.

"பலம் இவ்வளவு கம்மியா?" என்றார் அப்பா, தாங்கமாட்டாமல்.

"எதுவும் சொல்ல மாட்டேன்னீங்க."

"சரி சரி. படகு இருக்குல்ல?"

"ஓட்டைப் படகு."

"விளங்கும்" என்றார்.

அப்படியே வாரம் சில நிமிடம் ஆடினோம். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் சொல்லுவார். என்ன நடந்தது என்று அடுத்த வாரம் நான் சொல்லுவேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த மேட்டிலிருந்து இருவரையும் படகில் ஏற்றவே ஒரு மாதம் ஆனது. படகு பாதி வழியில் கவிழ்ந்தது. வியாபாரியின் மகளை யாரும் காப்பாற்றவில்லை. அவளே தப்பித்துப் போய்விட்டாள் என்று பின்னால் தெரிந்தது. அதை நான்தான் அப்படி முடித்தேன். வாத்தியார் வீட்டம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது, ஆற்றில் விழுந்துவிட்டார்களாமே என்று அம்மாவிடம் விசாரித்தார்களாம்.

அந்த வருடம் தம்பி ஹாஸ்டலுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அவனே போகிறேன் என்றான், மூன்று மாதம் இருந்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வந்தான். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பத்தாவது தேறி, தஞ்சாவூரில் கேட்டரிங் படித்து, இப்போது சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கிறான். வருடத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறான் என்றே எங்களுக்குத் தெரியாது. நான் இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். அப்பா நிரந்தரமாக ஊர் திரும்பி, அம்மாவோடு குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

போன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, தம்பி எங்கோ தூரத்துத் துறைமுகத்திலிருந்து பேசிவிட்டு வைத்தான். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கே அவனைத் திருச்சியில விட்டிருந்தா இந்நேரம் இன்ஜினியரா இருந்திருப்பான்" என்றார்.

"இருந்திருக்கலாங்க" என்றாள் அம்மா, கீரையை ஆய்ந்தபடியே.

"இல்லாமயும் போயிருக்கலாம்" என்றார் அப்பா.

"அதுவும் நடந்திருக்கலாம். இந்தாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று முறத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தண்டையும் இலையையும் பிரிக்க ஆரம்பித்தார்.